10 மீட்டருக்கு ஒரு பெல்லட், 50 மீட்டருக்கு ஒரு லாட்: உங்கள் ரைஃபிளுக்குப் பொருந்தும் குண்டைக் கண்டுபிடிப்பது எப்படி

பத்தாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி எங்கள் ரேஞ்சுக்குப் பயிற்சிக்கு வருகிறாள். போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவளுடைய 10 மீட்டர் ஏர் ரைஃபிள் ஸ்கோர் 612லிருந்து 603க்கு இறங்கியது. காலை அகட்டி நின்று பார்த்தாள், டிரிகரை இலகுவாக்கிப் பார்த்தாள், இரண்டு நாள் சரியாகத் தூங்கவும் இல்லை. மூன்றாம் நாள்தான், "சார், நடுவுல குண்டு டின் மட்டும் மாத்தினேன். ஆனா அதே கம்பெனி, அதே பேரு" என்றாள்.

இரண்டு டின்களையும் கவிழ்த்துப் பார்த்தோம். பெயரும் எடையும் ஒன்றுதான். அடியில் ஒட்டியிருந்த சீட்டில் மட்டும் குண்டின் தலை அளவு ஒன்றில் 4.49 மி.மீ. என்றும் மற்றொன்றில் 4.50 என்றும் இருந்தது. ரைஃபிளை கிளாம்பில் பூட்டி, பேரலை யாரும் தொடாமல், இரண்டிலும் பத்துப் பத்தாகச் சுட்டோம். பழைய டின்னின் பத்துக் குண்டுகளும் சேர்ந்து போட்ட ஓட்டை 5.6 மி.மீ. புது டின்னின் ஓட்டை 8.5 மி.மீ. வெர்னியரின் பல்லை ஓட்டையின் விளிம்பில் வைத்து அவளையே படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. இத்தனை நாள் தன் மேல் போட்டுக்கொண்ட பழி அந்த ஓட்டையில் இருந்தது.

இந்த வழிகாட்டியை அவளை நினைத்துத்தான் எழுதுகிறேன். வெளிநாடுகளில் சென்டர்ஃபயர் ரைஃபிள் (தோட்டாவின் அடிப்பாகத்தின் நடுவில் பற்றவைப்பது) சுடுபவர்கள் தங்கள் தோட்டாவைத் தாங்களே அமைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு தூரத்துக்கும் எது ஒத்துவருகிறது என்று மாதக்கணக்கில் தேடுவார்கள். ஏர் ரைஃபிளும் 50 மீட்டருக்கான 0.22 அங்குல ரைஃபிளும் சுடும் நமக்கு அந்த வழி கிடையாது. பெல்லட் என்னும் ஏர் ரைஃபிள் ஈயக் குண்டை வீட்டில் செய்ய முடியாது. 0.22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடிவிளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருப்பதால், ஒருமுறை சுட்டதை மறுபடி நிரப்பவும் முடியாது. நமக்கு இருப்பது தேர்வு மட்டும்தான். அந்தத் தேர்வை ஒழுங்காகச் செய்தால் அவர்கள் பெறும் பலனில் பெரும்பகுதி நமக்கும் கிடைக்கும்.

தூரத்துக்குத் தூரம் பிரச்சினை வேறு

முதலில் டார்கெட்டின் கணக்கு. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் டார்கெட்டில் 10 என்பது 0.5 மி.மீ. புள்ளி. 4.5 மி.மீ. பெல்லட் அதைத் தொட்டாலே 10. அதாவது பெல்லட்டின் மையம் டார்கெட்டின் மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அந்த 2.5 மி.மீ.யைப் பத்தாகப் பிரித்தால் ஒவ்வொரு 0.1 புள்ளிக்கும் 0.25 மி.மீ. 10.9 வேண்டும் என்றால் கால் மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும்.

50 மீட்டர் டார்கெட்டில் 10 வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ., குண்டின் விட்டம் 5.6 மி.மீ. மையம் 8 மி.மீ.க்குள் இருந்தால் 10. ஒவ்வொரு 0.1க்கும் 0.8 மி.மீ. 300 மீட்டரில் 10 வளையமே 100 மி.மீ. அகலம், வளையத்துக்கு வளையம் 50 மி.மீ.

இனி வேகத்தைச் சேர்ப்போம். போட்டி ஏர் ரைஃபிளில் 0.53 கிராம் பெல்லட் நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 10 மீட்டரைக் கடப்பதற்குள் ஏறக்குறைய 17 மி.மீ. கீழே இறங்குகிறது. வேகம் 3 மீட்டர் கூடினாலோ குறைந்தாலோ, விழும் இடம் சுமார் 0.6 மி.மீ. மாறும். 0.2 புள்ளி போய்விடும். கவனிக்க வேண்டியதுதான், ஆனால் தலைபோகிற விஷயமில்லை. 10 மீட்டரில் முக்கியமானது பெல்லட்டின் தலை பேரலுக்குப் பொருந்துவதும், பாவாடை போன்ற அதன் பின்பகுதி நசுங்காமல் இருப்பதும். அரங்குக்குள் சுடுவதால் காற்றுத் தொல்லையும் இல்லை.

50 மீட்டருக்கு வந்தால் கதை மாறுகிறது. 2.6 கிராம் ஈயக் குண்டு நொடிக்கு 325 மீட்டர் வேகத்தில் கிளம்பி, டார்கெட்டைத் தொடும்போது சுமார் 125 மி.மீ. இறங்கியிருக்கும். இங்கே வேகம் வெறும் 5 மீட்டர் மாறினாலே விழும் இடம் கிட்டத்தட்ட 4 மி.மீ. மேலேயோ கீழேயோ போகும். அது அரை வளையம். நீங்கள் அசையாமல் படுத்து, மூச்சைச் சரியாக நிறுத்தி, டிரிகரை அழகாக விட்டாலும், தோட்டாவின் வேகம் சீராக இல்லையென்றால் 10.6 வர வேண்டியது 10.1 ஆகிவிடும். இதற்கு மேல் காற்று வேறு. நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வரும் குறுக்குக் காற்று, கன்னத்தில் லேசாகப் படும் காற்றுதான், நல்ல பத்து ஒன்றை ஒன்பதாக்கப் போதும்.

300 மீட்டரில் 6 மி.மீ. பிஆர் போன்ற தோட்டாக்கள் நொடிக்கு 850 மீட்டருக்கு மேல் கிளம்புகின்றன. 5 மீட்டர் வேக வித்தியாசம் அங்கே ஒரு சென்டிமீட்டரைக்கூட எட்டாது. 50 மி.மீ. வளையத்தில் அது சிறிய விஷயம். ஆனால் நொடிக்கு 3 மீட்டர் குறுக்குக் காற்று குண்டை 12 சென்டிமீட்டர் தள்ளிவிடும்.

இந்தக் கணக்குகளை ஒருமுறை காகிதத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். எதைச் சோதிக்க வேண்டும், எதற்குப் பணம் செலவழிக்க வேண்டும் என்பது தானாகவே தெளிவாகும். 10 மீட்டருக்குத் தலை அளவு, 50 மீட்டருக்கு லாட், அதாவது ஆலையில் ஒரே தொகுதியாகத் தயாரான தோட்டாக்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு நேர்மையான கணக்கு

எல்லோருக்கும் இந்தச் சோதனை தேவையா? பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெல்லட்டின் சிதறலும் சுடுபவரின் சிதறலும் நேரடியாகக் கூடுவதில்லை. இரண்டையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அதனால் பெரிய சிதறல் சின்னதை விழுங்கிவிடும்.

ஒரு ஷாட்டுக்குச் சராசரி 9.5 எடுக்கும் புதியவர், நல்ல பெல்லட்டிலிருந்து மிக நல்ல பெல்லட்டுக்கு மாறினால் 60 ஷாட்டில் ஒரு புள்ளிதான் கூடும். அந்தப் பணத்தில் நல்ல ஜாக்கெட்டோ இன்னும் பத்து நாள் ரேஞ்ச் நேரமோ வாங்கினால் அதைவிடப் பலன் அதிகம். அதே மாற்றம் சராசரி 10.4 எடுப்பவருக்கு இரண்டரைப் புள்ளி தரும். முதல் எட்டுப் பேர் மட்டும் இறுதிச் சுற்றுக்குப் போகும் போட்டியில் இரண்டரைப் புள்ளி என்றால் உள்ளே போவதா வெளியே நிற்பதா என்ற கேள்விதான்.

ஆனால் ஒன்று. மோசமான பெல்லட் புதியவரையும் விடாது. பேரலுக்குப் பொருந்தாத மலிவான பெல்லட்டில் சுட்டால், 9.5 சராசரிக்காரரும் பத்துப் புள்ளிவரை இழப்பார். அதைவிடப் பெரிய நஷ்டம், சரியாகச் சுட்ட ஷாட் தவறாக விழுவதைப் பார்த்து அவர் சரியான பழக்கத்தை மாற்றிக்கொள்வது. ஆகவே தொடக்கக்காரருக்கு என் யோசனை: நடுத்தர விலையில் பெயர் பெற்ற ஒரு பெல்லட்டை எடுத்து, இரண்டு தலை அளவுகளை மட்டும் ஒப்பிட்டு, பொருந்துவதில் நின்றுவிடுங்கள். சராசரி 10.2ஐத் தாண்டிய பிறகு முழுச் சோதனைக்கு வரலாம்.

10 மீட்டர்: பெல்லட் சோதனை

*குண்டுகளைச் சேர்ப்பது.* போட்டிக்கான பெல்லட் தட்டைத் தலை கொண்டது, காகிதத்தில் வட்டமாக வெட்டிய மாதிரி ஓட்டை போடும். ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, மைஸ்டர்குகெல்ன், எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச், ஜேஎஸ்பி மேட்ச், சீனாவின் சியாங் யுவான் ஆகியவை நம் ரேஞ்சுகளில் பார்க்கக் கிடைப்பவை. ரைஃபிளுக்கு 0.53 கிராம் எடை வழக்கம். 0.45 கிராம் பிஸ்டலுக்கு என்று விற்கப்படுகிறது, ஆனால் அதை விரும்பும் ரைஃபிளும் உண்டு, வசதி இருந்தால் சேர்த்துச் சோதியுங்கள். தலை அளவில் 4.49, 4.50 இரண்டும் கட்டாயம். அந்த 0.01 மி.மீ. வித்தியாசம் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது, ஆனால் பேரலுக்கு அது தெரிகிறது. ஒருவரே ஆறு டின் வாங்க வேண்டியதில்லை. கிளப்பில் ஆறு பேர் ஆளுக்கொரு வகை வாங்கிப் பகிர்ந்துகொண்டால் செலவும் பகிர்ந்துபோகும்.

ஒவ்வொரு டின்னின் லாட் எண்ணையும் நோட்டில் எழுதிவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் மற்ற எல்லா வேலையும் வீண். நீங்கள் சோதிப்பது ஒரு பிராண்டை அல்ல, ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட அச்சில் அடித்த குண்டுகளை.

*ரைஃபிளைத் தயார் செய்வது.* சுடும் இயந்திரப் பகுதியான ஆக்‌ஷனையும் தோளில் தாங்கும் கட்டையான ஸ்டாக்கையும் பிணைக்கும் திருகுகள் இறுக்கமாக உள்ளனவா என்று முதலில் பாருங்கள். பேரலுக்குள் ஃபெல்ட் துண்டுகளை விட்டுச் சுத்தம் செய்யுங்கள். கறுப்பு வருவது நிற்கும்வரை போதும், அதற்கு மேல் தேய்க்க வேண்டாம். சிலிண்டரில் காற்று 200 பாரில் தொடங்கி, 100 பாருக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிலிண்டரின் மேல் அச்சிட்ட தேதியையும் பாருங்கள். பெரும்பாலான கம்பெனிகள் பத்தாண்டுதான் அனுமதிக்கின்றன. காலம் முடிந்த சிலிண்டரில் காற்று நிரப்புவது உயிரோடு விளையாடுவது.

*கிளாம்ப்.* ரைஃபிளை ஆக்‌ஷனில் பிடித்துப் பூட்ட வேண்டும், பேரலை அமுக்கக் கூடாது. மேசையே ஆடினால் கிளாம்ப் இருந்தும் பயனில்லை. பல ரேஞ்சுகளில் கிளாம்ப் இருக்காது. அப்போது மணல்பை வைத்து மேசையில் சுடலாம், ஆனால் குரூப், அதாவது குண்டுகள் விழுந்த கூட்டம், கொஞ்சம் பெரிதாகத்தான் வரும், எல்லாக் குண்டுக்கும் ஒரே மாதிரி பெரிதாக வந்தால் ஒப்பிட அது போதும். கிளாம்பில் பூட்டியிருந்தாலும் ரேஞ்ச் விதிகள் மாறாது. பேரல் எப்போதும் டார்கெட்டை நோக்கி, யாராவது முன்னால் போனால் பேரலில் பாதுகாப்பு நூல், கண்ணுக்குக் கண்ணாடி.

*சுடும் முறை.* புதிய வகைக்கு மாறும்போது முதல் 15 ஷாட்டை எண்ணாதீர்கள். முந்தைய குண்டின் ஈயமும் எண்ணெய்ப் பசையும் பேரலில் இருக்கும், புதியது தன் தடத்தைப் போட்டுக்கொள்ளக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு வகையிலும் பத்து ஷாட் கொண்ட ஐந்து குரூப். ஐந்தையும் ஒரே மூச்சில் சுட வேண்டாம். எல்லா வகைகளிலும் முதல் குரூப், பிறகு எல்லாவற்றிலும் இரண்டாவது என்று சுற்றி வாருங்கள். இல்லையென்றால் காற்றழுத்தம் குறைந்ததன் பாதிப்பு முழுவதும் கடைசியாகச் சுட்ட குண்டின் தலையில் விழும்.

ஏன் பத்து, ஏன் ஐந்து போதாது என்று கேட்பார்கள். ஐந்து ஷாட் குரூப் எப்போதும் அழகாகத்தான் தெரியும். அதே குண்டை அதே ரைஃபிளில் பத்து சுட்டால் குரூப் சராசரியாக 24 சதவீதம் பெரிதாகும். குண்டு கெட்டுப்போகவில்லை, உண்மை தெரியத் தொடங்குகிறது, அவ்வளவுதான். இன்னொரு பொறி, ஐந்து குரூப்பில் மிகச் சிறியதைப் போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவது. போட்டியில் 60 ஷாட்டும் எண்ணப்படும். ஐந்தின் சராசரியைப் பாருங்கள், அப்புறம் ஐந்தில் மிக மோசமானதைப் பாருங்கள். அந்த மோசமான குரூப் எந்தக் குண்டுக்குச் சிறியதாக இருக்கிறதோ அதுதான் என் தேர்வாக இருக்கும்.

*அளப்பது.* 10 மீட்டரில் எல்லாக் குண்டும் ஒரே ஓட்டைக்குள் போவதால் மையங்களைப் பார்க்க முடியாது. ஓட்டையின் வெளிவிளிம்பை அகலமான திசையில் அளந்து 4.5ஐக் கழித்தால் மையத்துக்கு மையம் உள்ள தூரம் கிடைக்கும். 6 மி.மீ. ஓட்டை என்றால் 1.5. காகிதம் கிழிந்தால் அளவு பொய் சொல்லும், கெட்டியான டார்கெட் அட்டைக்குப் பின்னால் இன்னொரு அட்டை வைத்துச் சுடுங்கள். ரேஞ்சில் எலெக்ட்ரானிக் டார்கெட் இருந்தால் கடவுள் கொடுத்த வரம். ஒவ்வொரு ஷாட்டின் இடத்தையும் எண்ணாகத் தரும். பத்துப் புள்ளிகளின் நடு இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று சராசரி எடுங்கள். இந்தச் சராசரி ஆரம், மிகத் தள்ளி விழுந்த இரண்டு குண்டுகளை மட்டும் நம்பும் குரூப் அளவைவிட நம்பகமானது.

ரைஃபிளோடு கம்பெனி கொடுத்த சோதனை அட்டை இருக்கும், ஐந்து குண்டும் ஒரே ஓட்டையாக. அதைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் கிளாம்ப் சோதனை அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை என்றால் குண்டை மாற்றுவதற்கு முன் திருகுகளையும் பேரலையும் இன்னொரு முறை பாருங்கள்.

ஓட்டை சொல்லும் சேதி

குரூப்பின் அளவைவிட அதன் உருவம் எனக்கு அதிகம் சொல்லும். மேலும் கீழுமாக நீண்டிருந்தால் வேகம் சீராக இல்லை. பெல்லட்டைக் குறை சொல்வதற்கு முன், காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள். வேகமானி இருந்தால் 20 ஷாட் அளந்து பாருங்கள், அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் இடையே 3 மீட்டருக்கு மேல் போனால் நான் ரைஃபிளைச் சர்வீசுக்கு அனுப்பச் சொல்வேன். வட்டமாகப் பெருத்திருந்தால் தலை அளவு பொருந்தவில்லை. இரண்டு கொத்தாகப் பிரிந்திருந்தால் ஏதோ தளர்ந்திருக்கிறது, திருகு அல்லது கிளாம்ப். ஒன்பது ஒன்றாக இருந்து ஒன்று மட்டும் தனியே போயிருந்தால் அந்தப் பெல்லட்டின் பின்பகுதி நசுங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். டின் கீழே விழுந்தாலோ, பையில் குலுங்கினாலோ, ஈயத்தின் மெல்லிய பின்விளிம்பு வளைந்துவிடும். விளக்கு வெளிச்சத்தில் பெல்லட்டைத் திருப்பிப் பார்த்தால் வட்டம் லேசாக முட்டைபோலத் தெரியும். போட்டிக்கு முந்தைய நாள் 80 பெல்லட்டை ஒவ்வொன்றாகப் பார்த்து அடுக்கி வைப்பது அரை மணி நேர வேலை. எடை போட்டுப் பிரிப்பவர்களும் உண்டு. போட்டித் தரப் பெல்லட்டில் 10 மீட்டருக்கு அதனால் பெரிய பலன் இருப்பதாக நான் கண்டதில்லை. கண்ணால் பார்ப்பதில் பலன் உண்டு.

கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற ஈரக்காற்றில் வியர்த்த விரலால் தொட்ட பெல்லட் சில வாரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். அந்த வெள்ளை ஈயத்தின் துரு, பேரலுக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல. டின்னை மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா பையோடு வையுங்கள். ஈயம் உடலுக்குள் போகும் நஞ்சு என்பதால், சுட்டு முடித்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டைத் தொட வேண்டும். சின்னப் பிள்ளைகள் பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு லோடு செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூட அனுமதிக்காதீர்கள்.

கிளாம்பில் வென்ற இரண்டு வகைகளைக் கடைசியாகத் தோளில் வைத்துச் சுட்டுப் பாருங்கள். நண்பரிடம் சொல்லி இரண்டையும் அ, ஆ என்று பெயர் மட்டும் எழுதிய டப்பாக்களில் போடச் சொல்லுங்கள், எது எது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. அ, ஆ, ஆ, அ என்ற வரிசையில் இருபது இருபதாகச் சுடுங்கள். முதலில் சுட்டதற்குப் புத்துணர்ச்சியும் கடைசிக்குக் களைப்பும் இருக்கும், இந்த வரிசை இரண்டையும் சமமாகப் பங்கிடும். விலை உயர்ந்த டின் என்று தெரிந்தால் மனம் தானாகவே அதற்கு நன்றாகச் சுடும். எனக்கும் அப்படித்தான், அதனால்தான் இந்த ஏற்பாடு.

50 மீட்டர்: லாட் சோதனை

இங்கே முதலில் சட்டம். 4.5 மி.மீ. அளவில், 20 ஜூலுக்கு உட்பட்ட ஏர் ரைஃபிளுக்கு இந்தியாவில் உரிமம் வேண்டாம். போட்டி ஏர் ரைஃபிளின் சக்தி 8 ஜூலைக்கூடத் தொடாது. ஆனால் 0.22 ரைஃபிளும் தோட்டாவும் ஆயுதச் சட்டத்துக்குள் வருபவை. உரிமம் பெற்றோ, ரைஃபிள் சங்கத்தின் கிளப் வழியாகவோதான் அவற்றைக் கையாள முடியும். சோதனையும் அங்கீகாரம் பெற்ற ரேஞ்சில், பொறுப்பாளர் முன்னிலையில்தான்.

50 மீட்டர் தோட்டாவில் எப்போதும் ஒலியைவிட மெதுவான வகையையே எடுங்கள். 20 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். போட்டித் தோட்டா 325ஐ ஒட்டிக் கிளம்புவதால் அந்த எல்லையைத் தொடுவதில்லை. அதிவேகத் தோட்டா ஒலியைத் தாண்டிக் கிளம்பி, வழியில் வேகம் குறைந்து அந்த எல்லையைக் கடக்கும்போது அலைக்கழிக்கப்படும். வேகம் அதிகம் என்றால் துல்லியம் அதிகம் என்று புதியவர்கள் நினைப்பது இங்கேதான் தவறிப்போகிறது.

எலே டெனெக்ஸ், ஆர்டபிள்யூஎஸ் ஆர்50, லபுவா எக்ஸ்-ஆக்ட், மைடாஸ், சென்டர்-எக்ஸ் போன்றவை மேல்தட்டு. ஒரு பெட்டியில் 50, பத்துப் பெட்டி சேர்ந்து 500. எல்லாப் பெட்டியிலும் லாட் எண் உண்டு, எலே பெட்டியில் அந்த லாட்டின் வேகமும் அச்சிட்டிருக்கும். ஒரே பெயரில் வரும் இரண்டு லாட்டுகளுக்கு இடையே உள்ள வித்தியாசம், இரண்டு பிராண்டுகளுக்கு இடையே உள்ளதைவிடப் பெரிதாக இருக்கலாம். விலை குறைந்த வகையின் ஒரு லாட், உங்கள் பேரலில் விலை உயர்ந்த வகையின் வேறொரு லாட்டைத் தோற்கடிக்கவும் செய்யும். பிராண்டைக் கேட்காதீர்கள், லாட்டைக் கேளுங்கள்.

வெளிநாட்டு வீரர்கள் ரைஃபிளை எடுத்துக்கொண்டு தயாரிப்பாளரின் சோதனைக்கூடத்துக்கே போவார்கள். எலேக்கு இங்கிலாந்தின் பர்மிங்காம் பக்கத்திலும், லபுவாவுக்கு ஜெர்மனியின் ஷோனெபெக்கிலும் கூடங்கள் இருக்கின்றன. ஸ்டாக்கைக் கழற்றிவிட்டு ஆக்‌ஷனைக் கனமான கிளாம்பில் பூட்டி, வரிசையாக லாட்டுகளைச் சுட்டு, எது பொருந்துகிறதோ அதை மொத்தமாக வாங்கி வருவார்கள். நம் தேசிய அணி வீரர்களுக்கு அந்த வாய்ப்பு அமையலாம், மற்றவர்கள் உள்ளூரிலேயே சின்ன அளவில் செய்ய வேண்டியதுதான். நான்கு லாட், லாட்டுக்கு ஒரு பெட்டி. இதுவே போதும்.

பிராண்டு மாறும்போது 15 ஷாட் எண்ணாமல் விட வேண்டும், ஒவ்வொரு கம்பெனியும் குண்டில் பூசும் மெழுகு வேறு. ஒரே பிராண்டின் லாட்டுகளுக்கு இடையே ஐந்து போதும், நடுவில் பேரலைச் சுத்தம் செய்ய வேண்டாம். பிறகு பத்துப் பத்தாக மூன்று குரூப். 50 மீட்டரில் ஓட்டைகள் தனித்தனியே தெரிவதால் அளப்பது எளிது. பத்து ஷாட் குரூப் மையத்துக்கு மையம் 12, 13 மி.மீ.க்குள் தொடர்ந்து வருகிறதென்றால் நல்ல லாட். 20ஐத் தாண்டினால் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அகலத்தையும் உயரத்தையும் தனித்தனியே எழுதுங்கள். அகலம் காற்றின் வேலையாக இருக்கலாம். உயரம்தான் தோட்டாவின் குணம். அகலம் கொஞ்சம் கூடி உயரம் குறைவாக உள்ள லாட்டை, எல்லாப் பக்கமும் சமமாகப் பெருத்த லாட்டைவிட நான் விரும்புவேன்.

காற்றைத் தவிர்க்க விடியற்காலையில் சுடுங்கள். கடற்காற்று எழும் நண்பகலில் செய்த லாட் சோதனை காற்றைச் சோதித்ததாகத்தான் முடியும். கொடிகள் அசையாமல் தொங்கும் ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் நான்கு லாட்டையும் முடித்துவிடலாம்.

பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கியபோது, நின்றும் முழங்காலிட்டும் படுத்தும் சுட்டார். மூன்று நிலைக்கும் தோட்டா ஒன்றுதான். ஆனால் படுத்துச் சுடுகையில் மனிதச் சிதறல் மிகக் குறைவு என்பதால் லாட்டின் குறை அங்கேதான் முதலில் தெரியும். தோளில் வைத்து உறுதி செய்யும் சோதனையைப் படுத்த நிலையில் செய்யச் சொல்வது அதனால்தான்.

300 மீட்டரும் கையால் அமைத்த தோட்டாவும்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நம்மில் மிகச் சிலருக்கே இது பொருந்தும். ஸ்விட்சர்லாந்திலும் நார்டிக் நாடுகளிலும் 300 மீட்டர் பெரிய மரபு, அமெரிக்காவில் அதைவிட நீண்ட தூரங்களும் உண்டு. தோட்டாவைத் தாங்களே அமைப்பவர்கள் அங்கே சட்டத்துக்குட்பட்டு, பொருள் தயாரிப்பாளர் வெளியிடும் அட்டவணையை மீறாமல் செய்கிறார்கள். இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம். இணையத்தில் பார்த்து முயல்வது சட்டத்தோடும் உயிரோடும் விளையாடுவது. அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களுடைய ஒழுங்கை: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, போதிய ஷாட் சுடாமல் முடிவு சொல்லாமல் இருப்பது, எல்லாவற்றையும் எழுதி வைப்பது. ஆலைத் தோட்டாவில் 300 மீட்டர் சுடுபவருக்கு நான் சொல்வது, இரண்டு லாட் ஒப்பிட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, மீதி நேரத்தைக் கொடியைப் படிப்பதில் செலவழியுங்கள் என்பதுதான்.

வாங்கிய பிறகு

பொருந்தும் லாட்டைக் கண்டதும் அன்றே எவ்வளவு முடியுமோ அவ்வளவு வாங்குங்கள். அந்த லாட் மறுபடி வராது. நாளைக்கு நூறு ஷாட் வீதம் வருடத்தில் 250 நாள் சுட்டால் 25,000 பெல்லட். அத்தனையும் சோதித்த லாட்டாக இருக்க வேண்டியதில்லை. போட்டிக்கும், போட்டிக்கு முந்தைய இரண்டு வாரத்துக்கும் மட்டும் ஒதுக்கினால் ஐந்தாறு டின்னில் ஒரு பருவம் ஓடும். தினப் பயிற்சிக்கு அதே பிராண்டில், அதே தலை அளவில் விலை குறைந்ததை வைத்துக்கொள்ளலாம். குண்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஜீரோவை, அதாவது குறியும் குண்டு விழும் இடமும் ஒன்றாக இருக்கிறதா என்று, சரிபார்க்க மறக்காதீர்கள். குரூப் சிறியதாகவே இருக்கும், ஆனால் வேறு இடத்தில் விழும்.

மூடியின் மேல் பர்மனென்ட் மார்க்கரால் நான்கு விஷயம் எழுதுவோம்: லாட் எண், சோதித்த தேதி, ஐந்து குரூப்பின் சராசரி, மிக மோசமான குரூப். பேரலைச் சர்வீஸ் செய்தாலோ ரெகுலேட்டரை மாற்றினாலோ அதே லாட்டில் மறுபடி இரண்டு குரூப் சுட்டு, மூடியில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். அந்த மாணவி இப்போது தன் டின்களின் மூடியில் ஐந்தாவதாக ஒன்றையும் எழுதுகிறாள், டின்னைத் திறந்த தேதி. 4.50 டின்னை அவள் தூக்கிப் போடவில்லை. கிளப்பில் இன்னொரு பையனின் ரைஃபிளில் அதே டின் 5.8 மி.மீ. ஓட்டை போட்டது, அவனுக்குக் கொடுத்துவிட்டாள்.